ரமிரோவின் பெயரில் ஒரு இதயம்

செஞ்சி கடைத்தெருவில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் சிங்காரவேலுவின் கடைக்கு மேல்தான் செந்தாமரையின் வீடு. மாடிப்படி தெருவில் இறங்காது, கடைக்குள்தான் இறங்கும். கோயிலுக்குப் போனாலும் சரி, கொத்தமல்லி வாங்கப் போனாலும் சரி, மாமனாரின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒருநாளும் எங்கே என்று கேட்டதில்லை. கண்ணாடியைச் சற்று இறக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவளே நின்று, "கோயிலுக்கு மாமா" என்று சொல்லிவிட்டுப் போவாள். பதிமூன்று வருஷமாக இப்படிச் சொல்லிச் சொல்லி, தெருவில் தெரிந்தவர் யாராவது சும்மா சிரித்தால்கூட, எங்கே போகிறாள் என்று அவர்களிடமும் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. வல்லத்தில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவரின் மகள். திண்டிவனம் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். படிப்பு முடிந்த மறுவருஷமே சிங்காரவேலுவின் ஒரே மகன் பார்த்திபனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்த்திபன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் பேச மாட்டான். கடையில் வருகிறவர்களிடம் பேசிப் பேசி வாய் ஓய்ந்துபோனவன் மாதிரி, மேலே வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், படுத்துவிடுவான். மகள் யுவஸ்ரீ ஆறாம் வகுப்புக்குப் போய், அவளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஆரம்பித்த பிறகு, அந்த மாடியில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம்.

அப்படி இருந்தபோதுதான் திண்டிவனம் சாலையில், பைக் ஷோரூமுக்கு மேல், ஒரு கம்பெனி வந்தது. வெளிநாட்டுக்காரர்களின் வேலையை இங்கே இருந்து செய்து கொடுக்கிற ஆபீஸ். டிகிரி படித்த பெண்களை எடுத்தார்கள். காலை ஐந்தரைக்கு ஷிப்ட், மதியம் ஒன்றரைக்கு முடியும். "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவேன் மாமா" என்று அவள் கேட்டபோது சிங்காரவேலு ரசீதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பிவிட்டு, "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றார். அவள் சந்தோஷத்தில் இரண்டு படி தாண்டி மேலே ஏறினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே டீம் லீடர் கலைவாணி இரண்டு காரியம் செய்தாள். செந்தாமரையின் ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். இரண்டு வருஷ பாண்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். அப்புறம் ஒரு தாளை நீட்டி, "யாரோட பக்கத்த நாம பாக்கறோம்னு வெளியில மூச்சு விடக் கூடாது. வீட்டுக்காருகிட்டகூட. தெரிஞ்சா வேலையும் போவும், கேஸும் வரும். நல்லாப் படிச்சுட்டுப் போடுங்க" என்றாள். செந்தாமரை படித்தாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் பார்த்துக்கொள்ளக் கிடைத்த சோஷியல் மீடியா பக்கம் ரமிரோவினுடையது.

ரமிரோ பராகுவே நாட்டுக்காரன். இருபத்து மூன்று வயது. கால்பந்து விளையாடுகிறவன். உலகத்தில் அவனைவிட நன்றாக விளையாடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பேர் வந்தது வேறு காரணத்தால். கோல் போட்டதும் மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடுவார்கள், சட்டையைக் கழற்றுவார்கள். இவன் அங்கேயே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி நிதானமாகக் கட்டுவான். மேலே பத்துப் பேர் வந்து விழுந்தாலும் முடிச்சுப் போட்ட பிறகுதான் எழுந்திருப்பான். அந்த வீடியோ எப்படியோ பற்றிக்கொண்டது. பரீட்சை பாஸானவர்கள், கல்யாணம் முடிந்த மாப்பிள்ளைகள், ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர்கள் என்று உலகம் முழுக்க ஜனங்கள் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டி வீடியோ போட்டார்கள். அவன் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கை அவன் நாட்டு ஜனத்தொகையைப் போல நாலு மடங்கு ஆனது.

அத்தனை பேரும் ஏதாவது எழுதினார்கள். அதைப் படிப்பதுதான் செந்தாமரைக்கு வேலை. ஸ்பானிஷில், போர்ச்சுகீசில், அரபியில் எழுதுவார்கள். பக்கத்திலேயே இங்கிலீஷில் மாறி வரும். பெரும்பாலானதை இயந்திரமே சலித்துவிடும். அதற்குப் புரியாதது இவளிடம் வரும். 'என்னைக் கட்டிக்கொள்' என்று பெண்கள் எழுதினால் விட்டுவிட வேண்டும். 'உன் அம்மாவை' என்று ஆரம்பித்தால் மறைக்க வேண்டும். கொன்றுவிடுவேன் என்றால் மேலே அனுப்ப வேண்டும். இது போக, நல்லதாக எழுதியவர்களில் ஐம்பது பேருக்கு தினமும் ரமிரோவின் பெயரில் ஒரு சிவப்பு இதயம் போட வேண்டும். ரமிரோவே படித்து விரும்பியதாக அது காட்டும். இதயம் கிடைத்தவர்கள் அழுவார்கள், அதைப் படம் பிடித்துப் போடுவார்கள். செஞ்சியில் ஒருத்தி எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டே போட்டது அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆபீசுக்கு ஒரே ஒரு ஜன்னல். கோட்டை மலைக் குரங்குகள் வந்து கேபிளைப் பிய்க்கின்றன என்று அதையும் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். பாத்ரூம் போனால் திரையில் நிமிஷம் ஓடும். வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று அவள் நினைத்தது ஒரு மாதம் தாங்கியது. அப்புறம் கூடத்திலிருந்து சமையலறைக்கு மாறின மாதிரிதான் இருந்தது.

காலையில் அவளை வெளியே விடுவது பார்த்திபன்தான். கடை ஷட்டரை உள்ளிருந்து பாதி தூக்கிப் பிடித்துக்கொள்வான். அவள் குனிந்து வெளியே போவாள். "வரேங்க" என்பாள். "ம்" என்பான். ஷட்டர் இறங்கும். அவள் கூட்ரோடு வரைக்கும் நடந்து ஷேர் ஆட்டோ பிடிப்பாள்.

தப்பு ஒன்று அவள் செய்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சத்தம் கிடையாது. ரமிரோவைப் பற்றி லட்சக்கணக்கில் படித்தவள் அவன் குரலைக் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் போனில் பார்த்தால் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், பார்த்திபனின் போனை எடுத்து ரமிரோவின் வீடியோ நாலைந்து பார்த்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்டால் வெட்கப்பட்டு மூக்கைத் தேய்த்துக்கொள்கிறான். கொஞ்சம் கீச்சுக்குரல். பார்த்துவிட்டுப் போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

போன் சும்மா இருக்குமா? ஒருமுறை பார்த்ததை நூறுமுறை காட்டுவதுதானே அதற்குத் தெரிந்தது. அடுத்த வாரம் சாப்பிடும்போது பார்த்திபன் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இன்னாங்க?" என்றாள்.

"யாரோ ஒரு பையன். கோல் போட்டுட்டு ஷூ கயிறு கட்றான்."

"அப்படியா" என்று சொல்லி, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

தமிழில் அந்தக் கமெண்ட் வந்தது ஆவணி மாதத்தில். தமிழ் எழுத்து வந்தால் இயந்திரம் தடுமாறும். அதனால் நேராக இவளுக்கு அனுப்பிவிடும்படி கலைவாணி செய்து வைத்திருந்தாள். எழுதியவனின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது.

'தம்பி, உன் ஷூ கயிறு நைலானா காட்டனா? நைலான்னா அவுந்துக்கினே இருக்கும். காட்டன் போடு. கயிறு விக்கிறவன் சொல்றேன்.'

செந்தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கயிற்றுச் சுருள், கடையில் இடதுபக்கம் மூன்றாவது ஆணியில் மாட்டியிருக்கிற பச்சை நைலான். கமெண்ட் வந்த நேரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து. அவளை வெளியே விட்டு ஷட்டரை இறக்கிய கையோடு, மேலே போகாமல், இருட்டுக் கடையில் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

'விடு' என்ற பட்டனை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று வந்தன. ஆயிரக்கணக்கான பேர் கத்துகிற இடத்தில், யாருக்கும் புரியாத மொழியில், ஒருவன் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். 'இன்னைக்கு மழை தம்பி. தார்ப்பாய் நல்லா போவும்.' 'உங்க ஊர்ல கடலை போடுவாங்களா? இங்க அறுவடை. சாக்கு கேட்டு வல்லத்துலேருந்து கூட்டமா வருது, நிக்க நேரமில்ல.' 'எம் பொண்ணு எங்கிட்ட கணக்கு கேக்கறதில்ல. எனக்கு கணக்கு நல்லா வரும்னு அதுக்குத் தெரியாது.' செந்தாமரைக்கும் அது தெரியாது. பதிமூன்று வருஷத்தில் அவன் அவளிடம் பேசாததை எல்லாம், எங்கேயோ பராகுவேயில் இருக்கிற பையனிடம் பேசினான். அவள் அதை ஒன்றுவிடாமல் படித்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு போடும்போது சங்கடமாக இருக்கும். அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. ஒருநாள் வாய் தவறி, "கணக்குல யுவாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன், உங்களுக்குத்தான் நல்லா வருமே" என்றுவிட்டாள். அவன் தலை தூக்கிப் பார்த்தான்.

"உனக்கு யார் சொன்னா?"

"கடைக்காரங்களுக்கு வராதா இன்னா" என்று சமாளித்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே தோன்றியது. பீரோவில் இருக்கிற சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவான்.

கார்த்திகையில் ரமிரோவின் டீம் பெரிய கோப்பையின் அரை இறுதி வரைக்கும் போனது. கடைசியில் பெனால்டி வந்தது. ரமிரோ அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து ஜனங்களுக்குள் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் செந்தாமரையின் ஷிப்ட் ஆரம்பம்.

அவள் சீட்டில் உட்கார்ந்தபோது இருபதாயிரம் கமெண்ட் காத்திருந்தது. நேற்று வரைக்கும் என்னைக் கட்டிக்கொள் என்றவர்கள், செத்துப்போ என்றார்கள். அவன் அம்மாவை, தங்கையை, பிறக்காத பிள்ளைகளைத் திட்டினார்கள். ஷூ கயிற்றில் தூக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் படம் வரைந்து அனுப்பினார்கள். மறை, மறை, மேலே அனுப்பு, மறை. பத்து மறைத்தால் நூறு வந்தது. ஒரு மணி நேரத்தில் அவளுக்கு நாக்கு வறண்டுபோயிற்று. திட்டு எல்லாம் தன் முகத்தில் விழுந்துகொண்டிருப்பதாகவும், அந்தப் பையன் எங்கேயோ ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் நினைத்தாள்.

அதற்கு நடுவில் கயிற்றுச் சுருள் வந்தது. இந்தமுறை நீளமாக.

'தம்பி ரமிரோ, பந்து வெளிய போனா போவட்டும். உனக்கு ஓடறதுக்கு கிரவுண்டாவது இருக்குது. எனக்கு இருக்கறது பதினெட்டடிக்கு இருபதடி கடை. பத்தொன்பது வருஷமாச்சு. மெட்ராஸ்ல காலேஜ் சீட்டு கெடச்சுது, எங்க நைனா சாக்கு எண்ண உக்கார வெச்சுட்டாரு. ஜெயில்ல இருக்கறவனுக்காவது ரிலீஸ் தேதி தெரியும். எங்க நைனா நல்லவரு. அதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா எப்பவோ ஓடிப் போயிருப்பேன். எம் பொண்டாட்டி வெடியகாலம் வேலைக்குப் போறா. ஷட்டர் தூக்கி விடறேன். அவ வெளிய போறத பாக்க சந்தோஷமாவும் இருக்குது, பொறாமையாவும் இருக்குது. உன்ன திட்றவன்லாம் ஒரு நாள் மறந்துடுவான். நீ அழாத.'

செந்தாமரை அதை மூன்று முறை படித்தாள். திரையில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதுவரைக்கும் அவனுடைய எழுத்துக்கு 'விடு' தவிர வேறு எதுவும் செய்ததில்லை. இப்போது பொறாமையாக இருக்கிறது என்ற வார்த்தையிலேயே கண் நின்றது. கம்பி போட்ட ஜன்னலைப் பார்த்தாள். இதைப் பார்த்தா பொறாமைப்படுகிறான்?

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். இதயத்தை அழுத்திவிட்டாள்.

ரமிரோவின் இதயம் விழுந்த கமெண்ட் மேலே ஏறும். அன்றைக்குப் பக்கம் முழுக்க வசவாக இருந்ததால் இது நேராக முதல் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உலகத்திலேயே அன்று ரமிரோவுக்குப் பிடித்த ஒரே வார்த்தை இது என்று ஜனங்கள் நினைத்தார்கள். என்ன மொழி என்று ஒருவன் கேட்டான். சிங்கப்பூரில் யாரோ இங்கிலீஷில் எழுதிப் போட்டார்கள். அங்கிருந்து அது ஸ்பானிஷுக்குப் போயிற்று. சாயங்காலத்துக்குள் ஒன்றரை லட்சம் பேர் விரும்பியிருந்தார்கள். 'இந்தியக் கயிற்றுக்காரர்' என்று அவனுக்குப் பெயரே வந்துவிட்டது.

அன்று மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது பார்த்திபன் கடையில் நின்றுகொண்டிருந்தான். உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நைனா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னாலேயே மாடிக்கு வந்தான்.

"தாமரை, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அந்தப் பையன் இருக்கறான் இல்ல, ஷூ கயிறு கட்றவன். நான் எழுதினதப் படிச்சிருக்கான். ஹார்ட் போட்டிருக்கான்!"

அவன் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாண போட்டோவில்கூட இல்லை.

"இன்னா எழுதனீங்க?" என்று கேட்டாள். கேட்க வேண்டியிருந்தது.

"சும்மா, ஆறுதலா" என்றான். போனைக் காட்டவில்லை.

இரண்டு நாள் அவன் பறந்தான். மூன்றாம் நாள், எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணன், கயிற்றுச் சுருளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். பெருமையாக நினைத்துக்கொண்டு, போனைத் தூக்கிக்கொண்டு சிங்காரவேலுவிடமே ஓடிவந்தார். "அண்ணே, நம்ம பார்த்தி உலக ஃபேமஸ் ஆயிட்டான், பாருங்க!"

சிங்காரவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். செந்தாமரை அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து படியில் கால் வைத்திருந்தாள். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றாள். கடையில் சாக்கு வாங்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். பார்த்திபன் கையில் கயிறு அளக்கிற கோலோடு அப்படியே நின்றான். பெரியவர் ஒருதரம் படித்தார். மேலே தள்ளி மறுபடி படித்தார். "நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லி, போனை அரிகிருஷ்ணனிடம் கொடுத்தார். வந்தவர்களுக்குச் சாக்கு எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் மகனையும் மருமகளையும் கூப்பிட்டார். இடுப்பில் இருந்த கடைச் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"நைனா, அது சும்மா ஏதோ..." என்று ஆரம்பித்தான் பார்த்திபன்.

"இருடா. ஜெயிலுன்னு எழுதியிருக்க. தப்பு ஒண்ணும் இல்ல. எங்க நைனா என்ன உக்கார வெச்சப்ப எனக்குப் பதினாறு வயசு. எனக்கும் அப்படித்தான் இருந்துது. எழுதத் தெரியல, அவ்ளோதான்." தண்ணீர் குடித்தார். "நான் இருக்கறதாலதான உனக்கு மூச்சு முட்டுது. இனிமே நான் கீழ வரல. நீயே பாத்துக்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவர் நிஜமாகவே மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். அதுதான் பார்த்திபனை அசையவிடாமல் கட்டிப்போட்டது. அதுவரை, நைனா காலத்துக்குப் பிறகு எங்காவது போகலாம் என்று ஒரு மூலையில் நினைப்பு வைத்திருந்தான். இப்போது கடையில் அவனைத் தவிர ஆளே இல்லை. பெரியவர் மாடியில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செந்தாமரை மதியம் வந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும், பாத்திரம் வைக்கிற சத்தத்தைக்கூடப் பார்த்து வைக்க வேண்டியதாயிற்று.

ஆபீசிலும் விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கலைவாணி தனியாகக் கூப்பிட்டாள்.

"தமிழ் கமெண்டுக்கு ஹார்ட் போட்டது நீங்கதான். கிளையண்ட் கேக்கறாங்க. அந்த அக்கவுண்ட் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தது. "எங்க வீட்டுக்காரு மேடம்."

கலைவாணி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் செந்தாமரை இப்படிப் பண்றீங்க? எனக்கும் டென்ஷன். கிளையண்டுக்கு அந்தக் கமெண்ட் நல்ல பேருதான் குடுத்துது, அதனால கேஸ் இல்ல. ஆனா ரமிரோ பக்கம் இனிமே உங்களுக்குக் கெடையாது. பாண்ட் ஒரு வருஷம் கூடும். எழுதிக் குடுத்துடுங்க."

"நான் வேலைய விட்டுடறேனே."

"விடுங்க. சர்டிபிகேட் வராது."

எழுதிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து ஒரு ஷாம்பு கம்பெனியின் பக்கத்தில் உட்கார்த்தினார்கள். முடி கொட்டுகிறது என்று உலகம் முழுக்க வருகிற புகாரைப் படித்து, 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று போட வேண்டும்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு மூடியிருந்தது. பார்த்திபன் உள்ளே ஒரு தார்ப்பாயை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படியில் இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஹார்ட் போட்டது ரமிரோ இல்லீங்க. நான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். ஆபீஸ், கையெழுத்து, அவன் போனை எடுத்துப் பார்த்தது, ஷூ கயிறு நைலானா காட்டனா என்றது, எல்லாம். அவன் தார்ப்பாயைக் கீழே விட்டான்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"ம்."

"நாலு மாசமா."

"ம்."

"ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியா? ஏன்யா இப்படி இருக்கறேன்னு?"

"எப்படிங்க கேக்கறது? சொல்லக் கூடாதுன்னு..."

"கையெழுத்துப் போட்டிருக்க." அவன் சிரித்த மாதிரி செய்தான். "நான் ஒரு ஆளுகிட்ட பேசிக்கினு இருந்தேன் தாமரை. அவன் கேக்கறான், கேக்கலன்றது வேற. ஆனா ஒரு ஆளு இருந்தான். இப்ப அவன் இல்ல. இத்தனை நாளா நம்ம வீட்டுக்குள்ளயேதான் பேசிக்கினு இருந்திருக்கேன்."

"நான் கேட்டேன் இல்ல" என்றாள். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது.

அவன் தார்ப்பாயைச் சுருட்டி வைத்தான். அன்றைக்கே கயிற்றுச் சுருள் அக்கவுண்டை அழித்துவிட்டான். விடியற்காலையில் கீழே வந்து ஷட்டர் தூக்குவதும் நின்றுவிட்டது. அவளே தூக்கக் கற்றுக்கொண்டாள். வெளியே வந்து இறக்கும்போது தெருவே முழித்துக்கொள்கிற மாதிரி சத்தம் போடும்.

ரமிரோவைத் திட்டியவர்கள், பார்த்திபன் எழுதினபடியே, மறந்துவிட்டார்கள். அடுத்து கொரியாவிலிருந்து ஒரு பூனை வீடியோ வந்தது, ஷூ கயிறு கட்டுகிற வீடியோவை யாரும் போடுவதில்லை. ரமிரோ ஏதோ சின்ன டீமுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள். ஜனத்தின் கண் தன்மேல் இல்லாமல் அவன் நன்றாகத் தூங்குவான் என்று செந்தாமரை நினைத்துக்கொண்டாள். அவளாக நினைத்துக்கொண்டதுதான், கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

தை பிறந்து, பனி கோட்டை மலையை அடிவரைக்கும் மூடிய ஒரு காலையில், அவள் வெளியே வந்தபோது பார்த்திபன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றான்.

"ஷேர் ஆட்டோ வராது இந்தப் பனியில. ஏறு."

ஏறினாள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் வந்தான். பனி விலகிய பிறகும் வந்தான். ஒரு வாரம் கழித்து, முன்னால் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள்ளும் காற்றிலும் அது கரைந்துபோயிற்று. "இன்னா சொன்னீங்க?" என்று அவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"யுவா கணக்குல ஃபெயிலாம். எங்கிட்ட பேப்பர காட்டுச்சு. உங்கிட்ட சொல்ல வேணான்னுச்சு."

"சொல்லிட்டீங்களே."

"ம்."

வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பதினோரு நிமிஷம். மாடியில் மாமனார் இருப்பார், கடையில் ஆட்கள் இருப்பார்கள், ஆபீசில் நிமிஷம் ஓடும். பேசினால் அந்தப் பதினோரு நிமிஷத்தில்தான் பேச வேண்டும். பாதி நாள் சும்மாவேதான் போனார்கள். சில நாள் அவன் நைனாவைப் பற்றிச் சொல்வான். சமயத்தில் அது குறையாக இருக்கும், சமயத்தில் பாவம் என்று இருக்கும். அவள் கேட்டுக்கொண்டு வருவாள். அவளைப் பற்றி அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அவளாகவே ஆரம்பித்தாள். ஷாம்புவில் முடி கொட்டிய ஒரு கிழவர், எங்கேயோ போலந்திலிருந்து, கொட்டிய முடியை எல்லாம் கவரில் போட்டு அனுப்புகிறேன், திருப்பி ஒட்டிக் கொடுங்கள் என்று எழுதிய கதை. தான் வருந்துகிறோம் என்று போட்டதற்கு, வருந்தினால் உன் முடியை அனுப்பு என்று அவர் பதில் போட்ட கதை. அவள் கதை சொல்லி அவன் கேட்டது இதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டான். வண்டி லேசாக ஆடியது. அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஜன்னலைப் பற்றி, வாசலில் போனைப் பிடுங்கிக்கொள்வதைப் பற்றி, ரமிரோவைத் திட்டிய அன்று தனக்கு நாக்கு வறண்டதைப் பற்றி. அவன் வேகத்தைக் குறைத்தான்.

பைக் ஷோரூமைத் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் வயல் வந்த பிறகுதான் அவன் பிரேக் போட்டான். நேராகப் போனால் திண்டிவனம், அதற்கு மேல் மெட்ராஸ். இரண்டு நிமிஷம் வண்டியை அணைக்காமல் நின்றார்கள்.

"மணி இன்னா?" என்றான்.

"அஞ்சு இருவத்தஞ்சு."

"நேரமாயிடும் உனக்கு" என்று சொல்லி வண்டியைத் திருப்பினான்.